அறுபத்திரண்டு மணி நேரக் கடல்

வியாசர்பாடி பி பிளாக் பீம்ராவ் வாழ்க்கையில் ஜெயித்தவை இவை. 1993 பொங்கல் கேரம் போட்டியில், வலது கை மாவுக்கட்டில் இருக்க, இடது கையால் ஆடி ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர். 1996-இல் பிரேக் இல்லாத சைக்கிளில் மெது சைக்கிள் பந்தயம். பரிசு ஒரு பிளாஸ்டிக் பக்கெட், மூடி கிடையாது. 1998-இல் புளியந்தோப்பு ஷாலு, அவளுடைய நான்கு அண்ணன்மார்களை மீறி. அதில் மூன்று பேர் பாக்ஸிங் பழகியவர்கள், நான்காமவர் வக்கீல் குமாஸ்தா. அவரைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மஞ்சள் காமாலை, இரண்டு முறை. ரேஷன் கார்டில் 'பெண்' என்று இருந்ததை 'ஆண்' என்று மாற்றியது, நான்கே வருடத்தில். கடைசியாக, 2005 டிசம்பரில், கரண்ட் இல்லாத அறுபத்திரண்டு மணி நேரம், ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஒரு துண்டுக் கடலைச் சாகாமல் வைத்திருந்தது.

இந்தப் பட்டியல் அவனுடைய அக்கா வேம்புவிடம் எப்போதும் தயாராக இருக்கும். வேம்பு எட்டாவது வரை படித்தவள், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. வார்டில் யாருக்கு எத்தனை மணிக்கு என்ன ஏறியது, என்ன இறங்கியது என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் குக்கர் விசில் அடித்த நேரத்தைக்கூடக் காலண்டரில் குறித்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. எல்லாரும் அவளைக் கேலி செய்தார்கள். தம்பிக்கு மட்டும் அந்தப் பழக்கம் உபயோகப்பட்டது.

பீம்ராவ் வேலை பார்த்தது டோல்கேட் பக்கத்தில் இருக்கும் ஜெபமணி மஹாலில். பெருக்குவது, நாற்காலி அடுக்குவது, கல்யாணம் முடிந்ததும் மண்டபமெங்கும் ஒட்டியிருக்கும் ஜிகினாவைச் சுரண்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. முதலாளி தேவப்பிரியம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து மிளகாய் வற்றல் மொத்த வியாபாரத்தில் மேலே வந்தவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவார். ஆனால் மண்டபம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாஸ்து கேட்பார்கள் என்று, கட்டும்போதே ஒரு வாஸ்துக்காரரையும் கூட வைத்துக்கொண்டார். நெருப்பு சம்பந்தப்பட்டதெல்லாம் தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அப்படியே ஜெனரேட்டரைத் தென்கிழக்கு மூலையில் இறக்கினார்கள். மஹாலிலேயே பள்ளமான இடம் அதுதான்.

தொட்டி அண்ணாச்சியின் மகன் ஜெனிஷுடைய ஆசை. சாதாரண மீன் தொட்டி ஊரில் ஆயிரம் இருக்கிறது, கொளத்தூரில் தெருத் தெருவாக விற்கிறார்கள், நம் மண்டபத்து வாசலில் நிஜக் கடல் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வைத்தான். ஒன்றரை வருடம் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். கூடமாட ஒத்தாசை செய்ய பீம்ராவைப் பிடித்து, உப்பின் அளவு பார்ப்பது, தண்ணீர் மாற்றுவது, புது மீன் வந்தால் டிரிப்ஸ் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்குவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தான். அந்த டிரிப்ஸ் குழாய்கள் வேம்பு கொடுத்தவை. தேதி முடிந்துவிட்டது என்று வார்டில் ஒதுக்கியவை. ஜூலை மாதம் ஜெனிஷ் மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போய்விட்டான். அவனுக்கு மேல்படிப்பு, பீம்ராவுக்குக் கடல்.

தொட்டியில் ஏழு மீன்கள். புத்தகத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. பீம்ராவ் மண்டபத்துக்குத் தகுந்த மாதிரி வைத்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி, மாப்பிள்ளையும் பொண்ணும். அவர்கள் குடித்தனம் நடத்துவது பூப்போல விரிந்து ஆடும் ஒரு கடல் பிராணிக்குள். அதற்கு மணவறை என்று பெயர். நீல நிறத்தில், யார் வந்தாலும் முறைத்துக்கொண்டு மூலையில் தனியாக நிற்பவர் சம்பந்தி. யார் எதிரே நின்றாலும் நேரே முகத்துக்கு வந்து நிற்கும் மஞ்சள் மீன் வீடியோக்காரர். பொடிசாக மூன்று, எங்கே போனாலும் சேர்ந்தே போய், எப்போதும் தீனி வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அதுகள் மூன்றாம் பந்தி.

காலையும் மாலையும் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது ஜெனிஷ் போட்ட சட்டம். பீம்ராவ் நம்பர்களை மனதிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொல்வான். வேம்பு எழுதுவாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பொறுப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருக்கும். ஜெனிஷ் போன பிறகு அந்தக் கோடு காலியாகவே இருந்தது.

பீம்ராவுக்கு எழுதத் தெரியாது என்றுதான் மஹாலில் எல்லாரும் நினைத்தார்கள். சம்பள ரிஜிஸ்தரில் பெருவிரல்தான். ஷாலுவைக் கட்டிய கல்யாண ரிஜிஸ்தரிலும் பெருவிரல்தான். அன்றைக்கு வக்கீல் குமாஸ்தா மச்சான் பார்த்த பார்வையில் மை காய்ந்துவிட்டது. ஆனால் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிக்கிறவன் அவன்தான். விஷயம் வேறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவர்கள் அப்பா, நாட்டுக்குச் சட்டம் எழுதியவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார். மூன்றாம் வகுப்பில் ஒரு வாத்தியார், பலகையில் அவன் பெயரை எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பேரை எழுதும் கையா இது என்று கேட்டு, அவன் சட்டையாலேயே அதைத் துடைக்க வைத்தார். வகுப்பு சிரித்தது. பையன் துடைத்தான். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருடம் அந்தப் பெயரை அவன் எங்கேயும் எழுதவில்லை. வேம்பு கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். அவன் பெருவிரலை நீட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

நவம்பர் கடைசியில் அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து தாமோதரன் என்பவர் டிசம்பர் 5, திங்கட்கிழமை வந்து தொட்டியைப் பொறுப்பெடுப்பார். பீம்ராவ் பழையபடி நாற்காலியோடு இருக்கலாம்.

"கெட்டிக்காரப் பயதான், இல்லைங்கல," என்றார் அண்ணாச்சி. "ஆனா கைநாட்டை நம்பி அம்புட்டுப் பெரிய தொட்டியை எப்படில விடுறது?"

வேம்பு அன்று வீட்டில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். ஒரு கையெழுத்தைப் போட்டுக் காட்டிவிட்டு வேலையை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். அவர் கேட்டார் என்பதற்காகப் போட முடியாது என்றான் பீம்ராவ். ஏழு பேரையும் உயிரோடு ஒப்படைத்துவிட்டு வருகிறேன், பிறகு அவர்கள் பாடு. அதைச் சொல்லும்போது அவன் சாப்பிட்ட தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மீதம் வைக்கிற ஆள் இல்லை அவன்.

டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 4.40-க்குக் கரண்ட் போனது. இரண்டு நாளாக மழை. டிரான்ஸ்பார்மர் இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். ஜெனரேட்டரைப் போடப் போனவர்கள் அது இருந்த மூலையில் ஒரு சின்னக் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அக்கினி மூலை முழுகிவிட்டது.

மீன் செத்துப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். எதனால் என்று பீம்ராவுக்குத் தெரியும். மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீருக்குள் காற்று இறங்காது. சாதாரண மீன் மேலே வந்து வாய் திறந்து ஒரு நாள் ஓட்டிவிடும், கடல் மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைச்சல். அவன் முதலில் செய்த வேலை, தொட்டியின் ஒயர்கள் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கியது. இரண்டாவது, கல்யாண ஜமக்காளங்களை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தியது, குளிர் ஏறாமல் இருக்க. மூன்றாவது, ஒரு பிளாஸ்டிக் சொம்பை எடுத்தான். தொட்டித் தண்ணீரை மொண்டான், தலைக்கு மேல் தூக்கி ஊற்றினான். மறுபடி மொண்டான். விழுகிற தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். டீ ஆற்றுகிற மாதிரிதான், ஆனால் ஐந்நூறு லிட்டர் டீ, குடிக்க யாரும் கிடையாது.

விடியும் வரை ஆற்றினான். அக்கம்பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறி, நாற்பது பேர் மஹாலுக்கு ஒதுங்க வந்திருந்தார்கள். அதில் மங்கம்மா என்ற இட்லிக் கடைக்காரி, இவன் கை தலைக்கு மேல் எழாததைப் பார்த்துச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. ஆளுக்குக் கால் மணி நேரம். சொந்த வீட்டில் முழங்கால் தண்ணீர் நிற்க, இங்கே தண்ணீரை மொண்டு தண்ணீரிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறோமே என்று மங்கம்மா சிரித்தாளாம். சிரித்தாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

வேம்புவுக்குச் சனிக்கிழமை பகல் பதினொன்றுக்குத்தான் டியூட்டி முடிந்தது. பஸ் இல்லை. தண்டையார்பேட்டை வரை நடந்தாள். அதற்கு மேல் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. டோல்கேட்டில் ரசூல் பீவி பஞ்சர் கடை வைத்திருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளெல்லாம் அவள் வாசலில்தான் டயர் மாற்றும். பீவியின் காற்று மெஷின் டீசல் என்ஜினில் ஓடுவது. கரண்ட் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை, அதை நான்கு வரிசை செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தாள். லாரி ட்யூப்களுக்குக் காற்றடித்து, அதன் மேல் பலகை போட்டு, வயசானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். வேம்புவையும் ஒரு ட்யூபில் ஏற்றித் தள்ளிவிட்டாள். ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெபமணி மஹால் வாசலில் மணப்பெண் மாதிரி போய் இறங்கினாள் வேம்பு. மணி 12.15.

பீம்ராவ் வாசலுக்கு வந்தான். கண் இரண்டும் மிளகாய் வற்றல் நிறம். அக்காவை அவன் பார்க்கவில்லை, அக்கா உட்கார்ந்து வந்ததைப் பார்த்தான்.

"யக்கா, எழுந்துரு," என்றான். "அதுல காத்து கீது."

காற்றுக்காக இருபது மணி நேரமாகச் செத்துக்கொண்டிருந்தவன் முன்னால் ஒரு லாரி ட்யூப் நிறையக் காற்று மிதந்து வந்து நின்றது. அதை வாசல் படியில் ஏற்றினார்கள். டிரிப்ஸ் குழாயின் ஒரு முனையை ட்யூப் வால்வில் சொருகி, சைக்கிள் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். மறுமுனையில் மோட்டாரிலிருந்து கழற்றிய குமிழிக் கல். குழாயின் நடுவில் இருந்த சின்னச் சக்கரத்தை மெல்லத் திருப்பினான், வேம்பு தினமும் வார்டில் திருப்புவதைப் போல. கல்லிலிருந்து குமிழி வந்தது. வந்து, ஐந்து நிமிடத்தில் சோர்ந்து போனது. டயருக்குள் அடைபடாத ட்யூபுக்குக் காற்றை உந்தித் தள்ளுகிற பலம் போதவில்லை.

ஒரு பாரம் வைத்தால் தள்ளும் என்று மங்கம்மா ஏறி உட்கார்ந்தாள். குமிழி எழுந்தது. அவள் இறங்கினால் படுத்தது. பாரம் எவ்வளவோ குமிழி அவ்வளவு என்று புரிந்தபோது எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அண்ணாச்சி தொண்ணூற்றாறு கிலோ. மிளகாய் மண்டித் தராசில் அவரே ஏறிப் பார்த்த எடை, பொய் இருக்காது.

முதலாளியை ட்யூபில் உட்காரச் சொல்வது எப்படி என்று எல்லாரும் தயங்கினார்கள். பீம்ராவ் தயங்கவில்லை. ஒரு வெள்ளைத் துண்டை ட்யூப் மேல் விரித்து, மாப்பிள்ளையை மணையில் உட்கார வைக்கிற மரியாதையோடு கையைக் காட்டினான். அண்ணாச்சி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தொட்டி கொதித்தது. சம்பந்தி மூலையிலிருந்து ஓரடி முன்னால் வந்தார், ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக.

வேம்பு கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தாள். அண்ணாச்சி உட்கார்ந்தால் ஒரு ட்யூப் ஒரு மணி ஐம்பது நிமிடம் வரும். மங்கம்மா உட்கார்ந்தால் இரண்டு மணி பத்து நிமிடம், ஆனால் குமிழி சுமார். இரண்டு ட்யூப் இருந்தால், ஒன்று இங்கே இறங்கும்போது இன்னொன்று பீவி கடையில் ஏறும்.

பீவி காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். மீனுக்கு எதற்கு நைனா காற்று, அது தண்ணியில்தானே கீது என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். பீம்ராவ் விளக்கியதில் பாதியைக் கேட்டுவிட்டு, "இன்னா பேஜாரு," என்று சொல்லி மெஷினைப் போட்டாள்.

மூன்றாவது ட்யூபில் ஒரு சிக்கல் வந்தது. தொட்டியின் மேல் எண்ணெய்ப் படலம், வானவில் மாதிரி. பஞ்சர் கடைக் காற்றில் மெஷின் எண்ணெய் வாடை இருந்தது. ட்யூபுக்குள் பூசும் வெள்ளைப் பவுடர் வேறு. இப்படியே விட்டால் காற்று கொடுத்தே கொன்றுவிடுவோம் என்று பீம்ராவ் சக்கரத்தை மூடினான். மூன்று நிமிடம் நின்று யோசித்தான். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் நின்ற ஆக்ஸிஜன் சிலிண்டர் அவனுக்கு ஞாபகம் வந்தது. அதிலிருந்து காற்று நேரே அம்மாவுக்குப் போகாது. நடுவில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும், அதில் கொப்பளித்துவிட்டுத்தான் போகும். வேம்பு பன்னிரண்டு வருடமாக அந்தப் பாட்டிலைக் கழுவி நிரப்புகிறாள். அவளுக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது. ஒரு காலிக் கலர் சோடா பாட்டிலில் தண்ணீர் பிடித்து, காற்றை அதில் முக்கி எடுத்துத் தொட்டிக்குள் விட்டான். எண்ணெயும் பவுடரும் பாட்டிலோடு நின்றன. மேலே மிதந்த படலத்தைக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தால் ஒற்றி எடுத்தான். பத்திரிகை மண்டபத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் நோட்டில் வேம்பு எழுதினாள்: சூடு 24, உப்பு சரி, ஏழு பேரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உப்புமா வந்தது.

அண்ணாச்சியின் அக்கா தேவகிருபை, எழுபது வயது. மண்டபத்துச் சமையல்கட்டு அவர் ராஜ்யம். ஜெபமணி மஹாலில் யாரும் பட்டினி கிடந்ததாகப் பேர் வரக் கூடாது என்பது அவர் சட்டம். கல்யாணத்துக்கு வந்தவனா, கரண்ட்காரனா, வழி தவறி வந்தவனா என்று பார்க்கமாட்டார், இலை போட்டுவிடுவார். ஒதுங்க வந்த நாற்பது பேருக்கும் ரவை உப்புமா கிளறச் சொன்னார். குழாயில் சாக்கடை கலந்து வந்ததால், சமையலுக்குத் தண்ணீர் தேடிய ஆள் மேடைக்கு அடியில் மூடி போட்ட மூன்று கேன் தண்ணீரைப் பார்த்தான். தெளிந்த தண்ணீர், பளிங்கு மாதிரி. ஒரு கேனை எடுத்து உலை வைத்தான். அது பீம்ராவ் தனக்குத் தெரிந்த ஒரு படகுக்காரரைப் பிடித்து, கரையிலிருந்து ரொம்ப தூரம் தள்ளி எடுத்து வந்து, பத்து நாள் இருட்டில் தெளிய வைத்திருந்த கடல் தண்ணீர்.

உப்புமாவை மனிதர்களே யோசித்துத்தான் சாப்பிடுவார்கள். இதை யோசித்தும் சாப்பிட முடியவில்லை. மங்கம்மா ஒரு வாய் வைத்துவிட்டு ஓடிப்போய் மழையில் வாயைத் திறந்து நின்றாள். ஓர் அண்டா உப்புமாவைக் கொட்ட தேவகிருபைக்கு மனசு வரவில்லை. அப்போது கண்ணாடிக்குள் ஏழு ஜீவன்கள் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பட்டினி. அதுவும் இந்த மண்டபத்தில். உப்புத் தண்ணி மீனுக்கு உப்பு உப்புமா என்ன செய்துவிடும் என்று, பீம்ராவ் பீவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார்.

வேம்பு துணி அலசிவிட்டு வந்து பார்க்கும்போது தொட்டிக்குள் ரவை பனி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் பந்தி மூன்று பேரும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி எதற்காக இரண்டு நாளாகத் தீனியே போடவில்லை என்பது வேம்புவுக்குத் தெரியும். தின்றால் கழியும். மோட்டார் ஓடாத தண்ணீரில் அந்தக் கழிவும், அழுகும் மிச்சமும் விஷம்.

பீம்ராவ் ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பார்த்தான். கத்துவான் என்று எல்லாரும் நின்றார்கள். அவன் தேவகிருபையைப் பார்த்து, கடுகு தாளித்திருந்தீங்களாம்மா என்று மட்டும் கேட்டான். கருவேப்பிலையும் போட்டேன் என்றார் அந்த அம்மா, பெருமையாக.

டிரிப்ஸ் குழாயை உறிஞ்சு குழாய் மாதிரி பிடித்து, அடியில் கிடந்த ரவையை ஒவ்வொரு மணியாக எடுக்க ஆரம்பித்தான். மணவறைக்குள் சிக்கிய கடுகை எடுக்க மட்டும் நாற்பது நிமிடம். மதியம் ஒன்றரை வரை எடுத்தும் தண்ணீர் அரிசி களைந்த நிறத்தில்தான் இருந்தது. பழைய தண்ணீர் கொஞ்சத்தை இறைத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விட வேண்டும். மீதி இருந்தது இரண்டே கேன். கடல் நடந்து போகிற தூரம்தான், ஆனால் மழைக்குப் பிறகு கரையோரத்துத் தண்ணீரில் பாதி ஆறு, பாதி சாக்கடை. பத்து கேனாவது வேண்டிய இடத்தில் இரண்டை வைத்துக்கொண்டு அவன் கேனையும் தொட்டியையும் மாறி மாறி அளந்து பார்த்தான். அப்புறம், ஒரே தடவையில் ஊற்றாமல், டிரிப்ஸ் குழாய் வழியாகச் சொட்டவிட்டான். ராத்திரி முழுக்கச் சொட்டட்டும், ஏறுகிற அளவுக்கு இங்கே இறங்கட்டும் என்றான். வேம்பு சக்கரத்தைத் திருப்பி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று பார்த்து வைத்தாள். அது அவள் தொழில்.

அண்ணாச்சி அன்று கோவிலுக்குப் போக வழியில்லை. ட்யூப் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடி வாய்விட்டு ஜெபம் பண்ணினார், ஒவ்வொரு மீன் பெயராகச் சொல்லி. சம்பந்தி என்று சொல்லும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்தினார்; அவருக்கும் சம்பந்தி உண்டு. ஜெபம் முடிந்து கண் திறந்து, பீம்ராவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திங்கட்கிழமை பற்றி ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. வேம்பு காத்திருந்தாள். அவர் டீ வேண்டும் என்று கேட்டார்.

சாயங்காலம் நாலரைக்கு வீடியோக்காரர் ஒருக்களித்துப் படுத்தார். பீம்ராவ் அதைக் கையில் ஏந்தி, குமிழி வருகிற இடத்துக்கு நேரே பிடித்தான். இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றான், முழங்கை வரை தண்ணீருக்குள். பிறகு கையை எடுத்தான். இத்தனை கல்யாணத்துக்கு வந்தவரு, சாப்பிடாமயே போயிட்டாரு என்றான். யாரும் சிரிக்கவில்லை. வேம்பு நேரம் எழுதினாள்: 4.55.

திங்கட்கிழமை காலை 6.40-க்குக் கரண்ட் வந்தது. மண்டபத்தில் மறந்துபோன எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிய, வாசலில் சீரியல் லைட் 'நல்வரவு' என்று அணைந்து அணைந்து எரிந்தது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி ட்யூபிலிருந்து எழுந்தார், அவர் எழுந்ததைவிட வேட்டி தாமதமாக எழுந்தது. நேரே போய்த் தொட்டியின் பிளக்கை எடுத்துச் சொருகப் போனார்.

பீம்ராவ் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். முதலாளி கையைப் பிடிப்பது அந்த மண்டபத்தில் யாரும் செய்யாத காரியம்.

"பிளக்க வுடு அண்ணாச்சி," என்றான். "இப்ப போட்டா மூணு நாள் பட்ட பாடு மூணு நிமிஷத்துல பூடும்."

ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய்த் திறந்தான். மூன்று நாள் காற்றில்லாமல் அடைந்து கிடந்தது. மையாகக் கறுத்த தண்ணீர். அழுகின முட்டை நாற்றம். தெரு முழுக்கச் சாக்கடையில் நின்ற ஜனங்களே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மோட்டார் ஓடியிருந்தால் அத்தனையும் நேரே தொட்டிக்குள் போயிருக்கும். அண்ணாச்சி தன் கையைப் பார்த்துக்கொண்டார், பிளக் பிடித்த கையை. பீம்ராவ் தொட்டியிலிருந்து இறைத்த உப்புத் தண்ணீரிலேயே அதைக் கழுவினான், குழாய்த் தண்ணீர் படாமல். 7.50-க்கு மோட்டார் ஓடியது. சம்பந்தி மூலைக்குப் போய்ப் பழையபடி முறைக்க ஆரம்பித்தார்.

தாமோதரன் பதினொன்றேகாலுக்கு வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார், கையில் ஒரு சூட்கேஸ். அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகள். தண்ணீரை எடுத்து ஒவ்வொரு குப்பியிலும் விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்று நாளாகக் கரண்ட் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். கொளத்தூர் பக்கம் இதைவிடக் குறைந்த நேரத்தில் தொட்டி தொட்டியாகப் போய்விட்டது என்றார். ஜெனரேட்டரா என்று கேட்டார். இல்லை, அண்ணாச்சி என்று மங்கம்மா பதில் சொன்னாள்.

நோட்டை வாங்கிப் புரட்டினார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். மணி வாரியாகச் சூடு, உப்பு, ட்யூப், உட்கார்ந்தவர் பெயர், சொட்டு எண்ணிக்கை. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். நல்ல ரெக்கார்டு, இதைக் கம்பெனியில் காட்டலாம், எங்கள் பராமரிப்பில் ஒரு தொட்டி இத்தனை மணி நேரம் தாங்கியது என்று சொன்னால் நாலு பார்ட்டி வருவார்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னார். இன்றிலிருந்து பொறுப்பு நம்முடையதுதானே, கோடு காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

எழுதியது வேம்புவின் கை, மொண்டு ஊற்றியது அவள் தம்பி கை, அடியில் விழப்போவது மூன்றாவது ஒரு கை. அண்ணாச்சி மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்டாம்பு பேடை எடுத்து, பீம்ராவ் பக்கம் நகர்த்தினார், அவன் பெருவிரலாவது இருக்கட்டும் என்று. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

பீம்ராவ் ஸ்டாம்பு பேடைத் தொடவில்லை. ஈரக் கையைக் கைலியில் துடைத்தான், முன்பக்கம், பின்பக்கம்.

"சார்," என்றான். "அந்தப் பேனாவ இங்க குடு."

"இது பொறுப்பாளர் போடுற இடம்பா," என்றார் தாமோதரன்.

"தெரியுது சார். படிச்சேன்."

தாமோதரன் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தொண்ணூற்றாறு கிலோவோடு அசையாமல் இருந்தார். பிறகு, தாமோதரன் வேண்டுமானால் மாசம் ஒரு தடவை வந்து குப்பியைக் குலுக்கிவிட்டுப் போகட்டும், பேனாவை அவனிடம் கொடுங்கள் என்றார்.

பீம்ராவ் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். முதல் எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆனது. வேம்பு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் நேரம் குறிக்காமல் விட்டது அது ஒன்றுதான். நான்கு எழுத்தும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, பஸ் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி, கோட்டின் ஓரம் வரை போய் நின்றன. மை காயட்டும் என்று பேனாவை மூடி, தாமோதரன் சட்டைப் பையிலேயே சொருகினான்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"ஏல, எழுதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா வெரலை நீட்டினே?"

"எழுதற மாதிரி ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி," என்றான் பீம்ராவ். பக்கத்தில் தேதி போட மறந்துவிட்டோமே என்று நோட்டை மறுபடி இழுத்து, அதையும் அவனே எழுதினான்.

5-12-2005, திங்கட்கிழமை.